பயிற்சியில் அடிபட்டால் யார் பொறுப்பு? போலீஸ் ட்ரெய்னிக்கு ஒரு கணக்கு, புனே கேடட்டுக்கு வேறு கணக்கு

வேலையில் சேர்ந்ததும் சில மாதம் ட்ரெய்னிங், பிறகு ப்ரொபேஷன், அதற்கப்புறம் கன்ஃபர்மேஷன். ஐ.டி. கம்பெனியோ வங்கியோ, இந்தப் படிகளை நீங்களும் ஏறித்தான் வந்திருப்பீர்கள். ட்ரெய்னிங்கில் இருந்தாலும் கையில் எம்ப்ளாயி ஐ.டி. உண்டு. மாதக் கடைசியில் சம்பளம் வரும். படிக்கட்டில் வழுக்கி விழுந்தால் கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்கும். 'இவர் இன்னும் ட்ரெய்னிதான், எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்று எச்.ஆர். சொன்னால் சும்மா விடுவீர்களா?

சீருடைப் பணிக்குப் போகிறவர்களுக்கு இதே கேள்வி பல மடங்கு பெரியது. அவர்களின் பயிற்சியே ஆபத்தான வேலை. மலையேற்றம், குதிரையேற்றம், பாக்ஸிங், தண்ணீரில் குதிப்பது, துப்பாக்கி எல்லாம் அதில் உண்டு. அந்த நாட்களில் ஒருவருக்கு முதுகெலும்பு முறிந்தால் அவர் சட்டத்தின் கண்ணில் யார்? அரசு ஊழியரா, மாணவரா, ரெண்டும் இல்லாத யாரோவா?

அவர் எந்த கேட் வழியாக உள்ளே போனார் என்பதைப் பொறுத்துத்தான் பதில். போலீஸ் அகாடமி வழியாகப் போனால் ஒரு பதில். புனேவுக்கு அருகே கடக்வாஸ்லாவில் இருக்கும் தேசிய பாதுகாப்பு அகாடமி, அதாவது என்.டி.ஏ. வழியாகப் போனால் வேறு பதில். அந்த இரண்டாவது பதில் சரிதானா என்பதை உச்ச நீதிமன்றம் 2025-ல் தானாகவே முன்வந்து கையில் எடுத்தது.

என்ன நடந்தது?

2025 ஆகஸ்டில் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழ் ஒரு செய்தி வெளியிட்டது. என்.டி.ஏ., டேராடூனில் உள்ள இந்திய ராணுவ அகாடமி போன்ற இடங்களில் பயிற்சியின்போது காயமடைந்தோ நோயுற்றோ, 'இனி ராணுவத்துக்குத் தகுதியில்லை' என்று மருத்துவக் குழுவால் வீட்டுக்கு அனுப்பப்பட்ட அதிகாரி கேடட்கள் 1985-லிருந்து சுமார் 500 பேர் என்றது அந்தச் செய்தி. ராணுவ வழக்கில் இதற்கு 'போர்டு அவுட்' என்று பெயர். என்.டி.ஏ.வில் மட்டும் 2021 முதல் 2025 ஜூலை வரை சுமார் 20 பேர் இப்படி அனுப்பப்பட்டிருந்தார்கள்.

இவர்கள் யாரும் ஏனோதானோவென்று வந்தவர்கள் இல்லை. யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வு, ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. நேர்காணல், மருத்துவப் பரிசோதனை என எல்லாவற்றையும் தாண்டி, பதினெட்டு பத்தொன்பது வயதில் உள்ளே போனவர்கள். உள்ளே போகும்போது முழு உடல் தகுதியோடு இருந்தார்கள் என்பதற்கு அரசின் மருத்துவச் சான்றே சாட்சி. வெளியே வரும்போது சிலர் சக்கர நாற்காலியில் வந்தார்கள்.

ஆனால் சட்டப்படி அவர்கள் 'முன்னாள் படைவீரர்' இல்லை. அந்த அந்தஸ்து இல்லாததால், முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்திலும் இடமில்லை. 2003-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில்தான் ஓய்வுபெற்ற வீரர்களும் குடும்பத்தினரும் அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளில்கூட பணம் கட்டாமல் சிகிச்சை பெறுகிறார்கள். கேடட்களுக்குக் கிடைத்தது கருணைத் தொகை மட்டும். ஊனத்தின் அளவைப் பொறுத்து அதிகபட்சம் மாதம் 40,000 ரூபாய் வரை. கழுத்துக்குக் கீழே செயலிழந்த ஒருவருக்கு உதவியாள், பிசியோதெரபி, மருந்து, டயப்பர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பெற்றோர் வயதாகி ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கணக்கு எப்படி மாறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடக்வாஸ்லா கேடட் சட்டப்படி யார்?

என்.டி.ஏ. பயிற்சி மூன்று ஆண்டு. முடித்தால் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பட்டம். பிறகு தரைப்படைக்குப் போகிறவர்கள் டேராடூன், கடற்படைக்குப் போகிறவர்கள் கேரளத்தின் எழிமலை, விமானப்படைக்குப் போகிறவர்கள் ஹைதராபாத் அருகே உள்ள துண்டிகல் என அந்தந்தப் படையின் அகாடமிக்குப் போவார்கள். அங்கே பயிற்சி முடியும்போதுதான் 'கமிஷன்' கிடைக்கும். குடியரசுத் தலைவர் பெயரால் அதிகாரியாக நியமிக்கப்படும் அந்த நாளில்தான் சட்டப்படி சர்வீஸ் தொடங்குகிறது.

அதுவரை? 1950-ம் ஆண்டின் ராணுவச் சட்டம் யாருக்கெல்லாம் பொருந்தும் என்று அதன் 2-வது பிரிவு பட்டியல் போடுகிறது. அதிகாரிகள், ஜே.சி.ஓ.க்கள், முறைப்படி படையில் பதிவு செய்யப்பட்டவர்கள் அதில் வருகிறார்கள். கேடட் என்ற சொல் அதில் இல்லை. காலை முதல் இரவு வரை ராணுவ ஒழுக்கம்தான், ஆனால் சட்டப்படி அவர் ராணுவத்தின் ஆள் இல்லை.

பணத்திலும் இதே கோடுதான். என்.டி.ஏ.வில் இருக்கும்வரை தங்குமிடம், சாப்பாடு, சீருடை, புத்தகம், சிகிச்சை எல்லாம் அரசு செலவு. பாக்கெட் மணி வீட்டிலிருந்து வரவேண்டும். மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை ஆரம்பிப்பது அடுத்த கட்ட அகாடமியில்தான்.

இன்னொரு காகிதமும் உண்டு. பிள்ளை அகாடமியில் சேரும்முன் பெற்றோர் அல்லது காப்பாளர் ஒரு சான்றில் கையெழுத்துப் போட வேண்டும் என்று யு.பி.எஸ்.சி.யின் என்.டி.ஏ. அறிவிக்கையே சொல்கிறது. அதன் சாரம் இதுதான்: பயிற்சியாலோ பயிற்சியின்போதோ காயம் ஏற்பட்டால், அதற்கான அறுவை சிகிச்சையில் ஊனமோ மரணமோ நேர்ந்தால், அரசிடம் இழப்பீடோ வேறு நிவாரணமோ கேட்க உரிமை இல்லை என்பதை நான் முழுமையாகப் புரிந்துகொண்டேன். பிள்ளை செலக்ட் ஆன சந்தோஷத்தில் எத்தனை வீடுகளில் இந்த வரியை நிறுத்திப் படித்திருப்பார்கள்?

போலீஸ் ட்ரெய்னிக்கும் இதே நிலைதானா?

இல்லை. இங்கே வரிசை தலைகீழ். போலீஸில் முதலில் நியமனம், பிறகுதான் பயிற்சி.

ஐ.பி.எஸ். எடுத்துக்கொள்ளுங்கள். ஹைதராபாத்தில் உள்ள சர்தார் வல்லபாய் படேல் தேசிய போலீஸ் அகாடமிக்குள் நுழையும்போதே அவர் அகில இந்தியப் பணியின் உறுப்பினர். முதல் மாதத்திலிருந்தே அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். தமிழ்நாட்டில் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தேர்வாகும் இரண்டாம் நிலைக் காவலருக்கும் அதே கதைதான். 18,200 - 67,100 என்ற ஊதிய நிலையில் நியமன ஆணை கையில் வந்த பிறகே பயிற்சிப் பள்ளிக்குப் போகிறார். மகாராஷ்டிராவிலும் காவலர்கள் பணியில் சேர்க்கப்பட்ட பிறகே பயிற்சிக்கு அனுப்பப்படுகிறார்கள். அங்கே மாநிலப் போலீஸை ஆளும் சட்டம் 1951-ம் ஆண்டின் மகாராஷ்டிரா போலீஸ் சட்டம்.

அதனால் ட்ரெய்னி போலீஸ் சட்டப்படி 'தகுதிகாண் பருவத்தில்' இருக்கும் அரசு ஊழியர். இதிலிருந்து பல விஷயங்கள் தானாகக் கிளம்புகின்றன. பயிற்சிக் காலம் சர்வீஸில் சேரும். கிரவுண்டில் அடிபட்டால் அது பணியின்போது ஏற்பட்ட காயம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 20-வது பிரிவு, பணியிலிருக்கும்போது ஊனமடைந்த அரசு ஊழியரை வேலையை விட்டு நீக்கக்கூடாது, அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்கிறது. இதிலிருந்து விலக்கு அளிக்கும் அதிகாரத்தைச் சட்டமே அரசுக்குத் தருகிறது, சீருடைப் படைகளில் அந்த விலக்கைப் பயன்படுத்தியும் இருக்கிறார்கள். இருந்தாலும் 'ஊழியர்' என்ற முதல் படியில் நிற்பவர்தான் இந்த வாதத்தையே தொடங்க முடியும். கடக்வாஸ்லா கேடட்டுக்கு அந்த முதல் படி கிடையாது.

ட்ரெய்னியை நினைத்தபோது வீட்டுக்கு அனுப்ப முடியுமா?

முடியும், ஆனா ஒரு எல்லை இருக்கு.

அரசியலமைப்பின் 311-வது பிரிவு, அரசு ஊழியரைத் தண்டனையாக நீக்கும் முன் குற்றச்சாட்டைச் சொல்லி, விசாரித்து, பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. ப்ரொபேஷனில் இருப்பவருக்கு வேலையில் நிரந்தர உரிமை கிடையாது. 'இவர் இந்த வேலைக்குப் பொருத்தமில்லை' என்று விசாரணை இல்லாமலே விடுவிக்கலாம். சில மாநில விதிகள் இதில் ரொம்பக் கடுமை. பஞ்சாப் போலீஸ் விதி 12.21-ன்படி, நல்ல காவலராக வரமாட்டார் என்று தோன்றினால் சேர்ந்த மூன்று ஆண்டுகளுக்குள் எஸ்.பி. அவரை விடுவிக்கலாம், அதற்கு மேல்முறையீடும் இல்லை.

சரி, தப்பு செய்தார் என்று நினைத்துத் தண்டிக்கிறார்கள், ஆனால் ஆர்டரில் 'பொருத்தமில்லை' என்று மட்டும் நாசூக்காக எழுதிவிடுகிறார்கள் என்றால்? இந்தத் தந்திரத்துக்குத்தான் நீதிமன்றம் கதவடைத்தது. ப்ரொபேஷனர் என்றாலும் தண்டனையாக நீக்கினால் விசாரணை வேண்டும் என்று பர்ஷோத்தம் லால் திங்ரா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது 1957-ல் வந்த தீர்ப்பு. போலீஸ் அகாடமிக்கு அதை நேரடியாகப் பொருத்திய வழக்கு 1984-ல் வந்தது.

அனூப் ஜெய்ஸ்வால் ஒரு ஐ.பி.எஸ். ப்ரொபேஷனர். 1981 ஜூனில் ஒருநாள் ஹைதராபாத் அகாடமியில் அதிகாலை உடற்பயிற்சி வகுப்புக்கு ட்ரெய்னிகள் சுமார் 22 நிமிடம் லேட்டாக வந்தார்கள். வேண்டுமென்றே செய்தது, இவர்தான் தூண்டிவிட்டவர்களில் ஒருவர் என்று அகாடமி கருதியது. விளக்கம் கேட்டார்கள், பிறகு இயக்குநர் பரிந்துரைக்க, அந்த ஆண்டு நவம்பரில் மத்திய அரசு அவரைப் பணியிலிருந்து விடுவித்தது. ஆர்டரில் தப்பு, தண்டனை என்று எதுவும் இல்லை. 'ஐ.பி.எஸ்.ஸுக்குப் பொருத்தமில்லை', அவ்வளவுதான்.

உச்ச நீதிமன்றம் அந்த ஆர்டரின் வார்த்தைகளோடு நிற்கவில்லை. திரையை விலக்கி, அதற்குப் பின்னால் இருந்த ஃபைலைப் பார்த்தது. அன்று காலை நடந்த சம்பவம்தான் நீக்கத்துக்கு அடிப்படை, ஆகவே இது தண்டனை, தண்டனை என்றால் முறையான விசாரணை நடந்திருக்க வேண்டும் என்று சொல்லி ஆர்டரை ரத்து செய்தது. அவர் பழைய சீனியாரிட்டியோடு மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டார். இன்றுவரை எந்த ட்ரெய்னி வழக்கிலும் வழக்கறிஞர்கள் முதலில் எடுக்கும் தீர்ப்புகளில் இது ஒன்று.

புனேவிலேயே சமீபத்தில் பேசப்பட்ட ஒரு வழக்கும் இந்த விதிகளைச் சுற்றித்தான். புனே மாவட்ட நிர்வாகத்தில் பயிற்சியில் இருந்த ஐ.ஏ.எஸ். ப்ரொபேஷனர் பூஜா கேட்கரின் தேர்வை 2024 ஜூலையில் யு.பி.எஸ்.சி. ரத்து செய்தது. தேர்வு எழுத அனுமதிக்கப்பட்டதைவிட அதிக வாய்ப்புகளைப் பெற்றார் என்பது குற்றச்சாட்டு, அவர் அதை மறுத்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு 1954-ம் ஆண்டின் ஐ.ஏ.எஸ். ப்ரொபேஷன் விதிகளின் 12-வது விதியைப் பயன்படுத்தி அவரை விடுவித்தது. ஜெய்ஸ்வால் வழக்கில் பயன்பட்டதும் ஐ.பி.எஸ்.ஸுக்கான அதே எண் விதிதான். அதாவது ப்ரொபேஷனருக்கு கேடயம் இருக்கிறது, ஆனால் அது கன்ஃபர்ம் ஆன அதிகாரியின் கேடயம் அளவுக்குக் கனமானது இல்லை.

பழைய கேஸை மறைத்தால் வேலை போகுமா?

போலீஸ் ட்ரெய்னிகள் அதிகம் மாட்டுவது இங்கேதான். சரிபார்ப்புப் படிவத்தில் 'உங்கள் மீது வழக்கு உண்டா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதிவிடுவார்கள். ட்ரெய்னிங் பாதியில் இருக்கும்போது ஊரிலிருந்து ரிப்போர்ட் வரும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

2016-ல் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு இதற்கு வழிமுறை வகுத்தது. மறைத்தது தப்புதான். ஆனாலும் வழக்கின் தன்மை, அது அற்பமானதா கடுமையானதா, வேலையின் தன்மை என எல்லாவற்றையும் எடை போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்றது. 2022 மே மாதம் பவன் குமார் வழக்கில் இதுவே உதவியது. ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலராகத் தேர்வாகிப் பயிற்சியில் இருந்தவர் அவர். விவரத்தைச் சொல்லவில்லை என்று நீக்கப்பட்டிருந்தார். மறைத்தார் என்ற ஒரே காரணத்துக்காக இயந்திரத்தனமாக வெளியேற்ற முடியாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது.

இதைப் படித்துவிட்டு 'அப்போ மறைக்கலாம்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உண்மையைச் சொன்னவரின் நிலை எப்போதும் பலம். மறைத்தவர் நீதிமன்றப் படியேறி ஆண்டுக்கணக்கில் காத்திருந்துதான் ஜெயிக்க வேண்டியிருக்கிறது.

என்னென்ன உரிமைகள் கைவிட்டுப் போகும்?

அரசியலமைப்பின் 33-வது பிரிவு, ராணுவம் மற்றும் போலீஸின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அதன்படி வந்த 1966-ம் ஆண்டுச் சட்டப்படி, போலீஸ்காரர் அனுமதியில்லாமல் தொழிற்சங்கத்திலோ அரசியல் அமைப்பிலோ சேரக்கூடாது, பத்திரிகைக்குப் பேசக்கூடாது. நியமனத்தோடு ட்ரெய்னியும் இந்த வேலிக்குள் வந்துவிடுவார்.

கைவிட்டுப் போகாத உரிமைகளும் இருக்கின்றன. 14-வது பிரிவின் சமத்துவம், 21-வது பிரிவின் உயிர் மற்றும் கண்ணியம் இரண்டும் ட்ரெய்னிக்கும் கேடட்டுக்கும் உண்டு. அநியாயம் நடந்தால் 226-வது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றம் போகலாம். பயிற்சி என்ற பெயரில் அடிப்பதற்கு எந்த விதியும் அனுமதி தரவில்லை.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-ஐயும் கவனியுங்கள். 'ஊழியர்' என்ற சொல்லுக்கு விளக்கம் தரும்போது அது ப்ரொபேஷனர், ட்ரெய்னி, அப்ரென்டிஸ் எல்லாரையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 2021 இடைக்கால உத்தரவுக்குப் பிறகு என்.டி.ஏ.வில் பெண்கள் சேரத் தொடங்கி, முதல் அணியில் 17 பேர் 2025 மே 30 அன்று பாசிங் அவுட் பரேடு முடித்திருக்கும் காலத்தில் இந்த வரிக்கு எடை அதிகம். நாடாளுமன்றம் நினைத்தால் 'ட்ரெய்னியும் சேர்த்தி' என்று ஒரே வரியில் எழுத முடியும் என்பதற்கு இதுவே அத்தாட்சி.

ஒரே காயம், எத்தனை வகைப் பதில்?

ஒரே உயரத்திலிருந்து விழுந்து ஒரே மாதிரி முதுகெலும்பு முறிந்த நான்கு இளைஞர்களைக் கற்பனை செய்யுங்கள்.

• முதலாமவர் போலீஸ் ட்ரெய்னி. அரசு ஊழியர் என்பதால் பணியின்போது ஏற்பட்ட காயத்துக்கான விதிகள் அவருக்குப் பேசும்.

• இரண்டாமவர் பழைய முறையில் சிப்பாயாகச் சேர்ந்து பயிற்சியில் இருந்த ரெக்ரூட். போர்டு அவுட் ஆகி, மருத்துவ அல்லது ஊன ஓய்வூதியம் பெறும் ரெக்ரூட்டும் முன்னாள் படைவீரர் கணக்கில் வருவார் என்று மத்திய அரசின் வரையறை சொல்கிறது.

• மூன்றாமவர் 2022-க்குப் பிறகு சேர்ந்த அக்னிவீரர். ஓய்வூதியம் இல்லை. ஆனால் ராணுவச் சேவையால் ஏற்பட்ட ஊனம் 100 சதவீதம் என்றால் 44 லட்சம், 75 என்றால் 25 லட்சம், 50 என்றால் 15 லட்சம் ரூபாய் என்று ஒருமுறைத் தொகை எழுத்தில் இருக்கிறது.

• நான்காமவர் அதிகாரி கேடட். 2025 ஆகஸ்ட் வரை அவருக்கு இருந்தது மாதாந்திரக் கருணைத் தொகை மட்டும்.

நாட்டின் கடினமான தேர்வுகளில் ஒன்றைத் தாண்டி, தலைமை ஏற்கப் போகிறவர் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்தான் இந்த வரிசையில் கடைசியில் நிற்கிறார்.

அரசின் தர்க்கம் என்ன? அது நிற்குமா?

கமிஷன் கிடைக்காதவர் படையில் சேரவே இல்லை, சேராதவர் எப்படி 'முன்னாள்' ஆவார் என்பதுதான் அடிப்படை வாதம். ஓய்வூதியம் என்பது சேவைக்கான பலன், கேடட் பருவம் கல்விக் காலம் என்றும் சொல்லலாம். வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டால் வாதம் சரிதான்.

ஆனால் ரெக்ரூட்டும் பயிற்சியை முடிக்காதவர்தான். அவரை உள்ளே சேர்க்க வரையறையை நீட்ட முடிந்தது. மேலும், காயம் எப்படி வந்தது என்று பாருங்கள். சாதாரணக் கல்லூரி மாணவரை யாரும் முழு பேக்கோடு ராத்திரி முழுக்க ஓடவைப்பதில்லை. கேடட் அதைச் செய்வது உத்தரவால், நாட்டின் தேவைக்காக. ஆபத்தை உருவாக்கியவர், அதில் இறக்கிவிட்டவர், அதனால் பலன் பெறுபவர் மூன்றும் அரசே. பிறகு பொறுப்பு மட்டும் குடும்பத்தின் தலையில் எப்படி விழும்?

பெற்றோர் கையெழுத்துப் போட்டார்களே என்று கேட்கலாம். கையெழுத்துப் போடாவிட்டால் சீட் இல்லை. பேரம் பேசும் சக்தியே இல்லாத ஒருவர்மீது திணிக்கப்படும், மனசாட்சிக்கு ஒவ்வாத ஒப்பந்த நிபந்தனைகள் செல்லாது என்று 1986-ல் சென்ட்ரல் இன்லாண்ட் வாட்டர் டிரான்ஸ்போர்ட் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது ஊழியர்கள் வழக்கு. கேடட் சான்றுக்கும் அந்த நியாயத்தை நீட்ட முடியும் என்பது வலுவான வாதம்.

உச்ச நீதிமன்றத்துக்குப் பிறகு என்ன மாறியது?

2025 ஆகஸ்ட் 18 அன்று நீதிபதி பி.வி. நாகரத்னா தலைமையிலான அமர்வு மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. கேடட்களுக்குக் குழுக் காப்பீடு தர முடியுமா, 40,000 ரூபாயை உயர்த்த முடியுமா, சிகிச்சை முடிந்த பிறகு மேஜைப் பணி போன்ற வேறு வேலை தந்து மறுவாழ்வு அளிக்க முடியுமா என்று கேட்டது. காயத்துக்குப் பயந்து இளைஞர்கள் படைக்கு வரத் தயங்கக்கூடாது என்பதும் அமர்வின் கவலையாக இருந்தது.

பதினோரு நாளில், ஆகஸ்ட் 29 அன்று, போர்டு அவுட் ஆன கேடட்களுக்கு இ.சி.எச்.எஸ். சிகிச்சை வசதியை அரசு திறந்துவிட்டது. சேரும்போது கட்ட வேண்டிய ஒருமுறைக் கட்டணமும் இல்லை. பல ஆண்டுகள் நகராத ஃபைல் இரண்டு வாரத்துக்குள் நகர்ந்தது. செப்டம்பரில் நீதிமன்றத்திடம் இது தெரிவிக்கப்பட்டது.

இது பெரிய நிம்மதி. ஆனால் மருத்துவ வசதி ஒரு சலுகையாக வந்திருக்கிறது. முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்தாக வரவில்லை. அந்த அந்தஸ்தோடுதான் அரசு வேலையில் இடஒதுக்கீடு, வயதுத் தளர்வு, மறுவாழ்வுத் திட்டங்கள் எல்லாம் வரும். நடக்க முடியாத 22 வயது இளைஞருக்கு ஆஸ்பத்திரி கார்டு போலவே ஒரு வேலையும் முக்கியம். வெயிலில் ட்ரில் செய்ய முடியாதவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து திட்டமிட முடியாதா? காப்பீடு, தொகை உயர்வு, மறுவாழ்வு என்று நீதிமன்றம் கேட்ட மீதிக் கேள்விகளின் மையம் அதுதான்.

உங்கள் வீட்டில் யாராவது சேரப் போகிறார்களா?

தம்பியோ தங்கையோ நண்பரோ சீருடைக் கனவோடு கிளம்பினால், வாழ்த்துச் சொன்ன கையோடு இவற்றையும் பாருங்கள்.

• நியமன ஆணையா, பயிற்சிக்கு அழைப்பா? கையில் வந்த காகிதத்தில் 'நியமனம்' என்ற சொல் இருக்கிறதா, எந்தத் தேதியிலிருந்து சர்வீஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மீதி எல்லாம் அந்தத் தேதியைப் பொறுத்தது.

• கையெழுத்துப் போடும் ஒவ்வொரு பாண்டையும் சான்றையும் நகல் எடுத்து வையுங்கள். பாதியில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டிய நிபந்தனைகள் இருக்கும்.

• கேடட்டாகப் போகிறவருக்கு சேரும் முன்பே தனியாக விபத்து மற்றும் ஊனக் காப்பீடு எடுக்க முடியுமா என்று பாருங்கள். ராணுவப் பயிற்சிக் காயத்தை அந்த பாலிசி விலக்குகிறதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

• காயம் சின்னதாக இருந்தாலும் அன்றே மருத்துவப் பதிவேட்டில் ஏற வேண்டும். 'டீமிலிருந்து எடுத்துவிடுவார்கள்' என்று பயந்து மறைத்தால், பிறகு அது பயிற்சியால் வந்ததுதான் என்று நிரூபிப்பது கஷ்டம்.

• சரிபார்ப்புப் படிவத்தில் பழைய வழக்கு, அது முடிந்துபோனதாக இருந்தாலும், உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.

• விடுவிப்பு ஆணை வந்தால் அதன் வார்த்தைகளோடு, அதற்கு முன் வந்த மெமோ, விளக்கம், ரிப்போர்ட் எல்லாவற்றையும் சேகரியுங்கள். ஜெய்ஸ்வால் ஜெயித்தது அவற்றால்தான். தகவல் அறியும் உரிமைச் சட்டமும் கைகொடுக்கும்.

• எங்கே போவது? ஐ.பி.எஸ். ப்ரொபேஷனர் என்றால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். மகாராஷ்டிரா போலீஸ் என்றால் அந்த மாநில நிர்வாகத் தீர்ப்பாயம். தமிழ்நாட்டில் மாநிலத் தீர்ப்பாயம் இப்போது இல்லாததால் நேராகச் சென்னை உயர் நீதிமன்றம் அல்லது அதன் மதுரை அமர்வு. காலக்கெடு உண்டு, தள்ளிப் போடாதீர்கள்.

ஏற்கெனவே போர்டு அவுட் ஆன கேடட் யாரையாவது உங்களுக்குத் தெரியும் என்றால், இ.சி.எச்.எஸ். கதவு 2025 ஆகஸ்ட் 29-லிருந்து திறந்திருக்கிறது என்ற செய்தி அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். இருபது முப்பது வருடம் முன்பு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள், 'நமக்கு எதுவும் கிடையாது' என்று எப்போதோ முடிவு கட்டியிருப்பார்கள்.